ஒரு வருஷத்துக்கு ஒரு பை

பிப்ரவரி மாதம் நான் ஒரு வருஷப் பயணம் கிளம்பி, அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். போடி பஜாரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. நடந்தது இவ்வளவுதான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பொன்னுராஜ் போன் பண்ணி, "ஷீலா, ஏழாம் நம்பர் கம்பூட்ஸ எங்கன வச்ச?" என்று கேட்டார். மாடிப்படிக்குக் கீழே, தார்ப்பாய்க் கட்டுக்குப் பின்னால் என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். டீ கிளாஸை வைத்துவிட்டு எதிரே நின்ற தேனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வத்தலக்குண்டு வந்த பிறகுதான் நான் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதே உறைத்தது. இறங்கி மறுபடி போகிற தெம்பு அப்போது இல்லை.

அதனால் இந்தத் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஜெபஷீலா, இதுவும் அப்படி முடிந்தால் அவ்வளவுதான், பிறகு கிளம்புகிற பேச்சே கிடையாது. பையைக் கடை வாசலில் மாட்டி விற்றுவிட வேண்டியதுதான். எனக்கு நாற்பத்திரண்டு வயது. மூன்றாவது முறை கிளம்பினால் ஊர் சிரிக்காது, பரிதாபப்படும். அதை என்னால் தாங்க முடியாது.

எங்கள் கடை மலைக்குப் போகிறவர்களுக்கான கடை. ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு, கம்பூட்ஸ் என்கிற முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், இடுப்பில் சுற்றிக்கொள்கிற பிளாஸ்டிக் படுதா, தூக்குச்சட்டி, எல்லாம் உண்டு. போடியிலிருந்து விடிகிறபோதே ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மேலே போவார்கள். போடிமெட்டுக்குப் பதினேழு வளைவு. கீழே சட்டை வேர்வையில் ஒட்டும். ஒரு மணி நேரம் கழித்து மேலே பல் கிடுகிடுக்கும். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வந்துவிடுவார்கள். கல்யாணமாகி வந்த இருபத்தோரு வருஷமாக, ஏறுகிற ஜீப்பையும் இறங்குகிற ஜீப்பையும் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் குளிருக்கு உடுப்பு விற்ற நான் அந்த வளைவுகளில் ஏறியது மொத்தம் நாலு தடவை. அதில் ஒன்று துக்க வீட்டுக்கு.

எங்கள் ஒரே பெண் ஓவியா போன வருஷம் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்தாள். ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று பேருக்கு இட்லி ஊற்றினேன். மிஞ்சிய இட்லியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உள்ளே ஏதோ கிளம்பியது. பிள்ளையைப் பிரிந்த துக்கம் என்று பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். நானும் ஆமென் சொல்லிவைத்தேன். துக்கமா அது? சுத்தமான எரிச்சல். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் நடக்கத் தோன்றியது. நடந்தால் பஜார் தெரு சீக்கிரமே முடிந்துபோனது. திரும்பி நடந்தால் மறுபடி எங்கள் கடையே வந்தது.

பிப்ரவரியில் திரும்பி வந்த அடுத்த மாதம் ஒருநாள் மத்தியானம், கடையில் சணல் சுற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் நேராகச் சொன்னேன்.

"ஏங்க, நான் ஒரு வருசம் ஊரச் சுத்திட்டு வரப்போறேன். மொத மேகாலயா, மழைக்கு. அப்பறம் லடாக். பனி விழ ஆரம்பிச்சதும் ராஜஸ்தான். வெயில் வந்ததும் ஒடிசாப் பக்கம் கடற்கர. தனியாத்தான் போறேன்."

சணலைச் சுற்றுவதை நிறுத்தினார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஏன் என்று கேட்பார், உனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது என்று கத்துவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக நின்றேன்.

"எந்தப் பையி?" என்று கேட்டார்.

அதுதான் பொன்னுராஜ். வாய் பேசாது, கை பேசும். பை கட்டுவதில் போடியில் அவரை அடிக்க ஆள் இல்லை. ஆறு முழப் படுதாவை உள்ளங்கை அகலத்துக்கு மடித்துக் காட்டுவார். மலைக்குப் போகிற பையை அவர் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வழியில் எது முதலில் வேண்டுமோ அது மேலே. மலையடியில் முந்தல் தாண்டியதும் காதில் காற்று அடிக்கும், அதனால் துண்டு எல்லாவற்றுக்கும் மேலே. ஏழாவது எட்டாவது வளைவில் ஸ்வெட்டர் கேட்கும், அது துண்டுக்குக் கீழே. மேலே போய் இறங்கியதும் சாரல், அதற்குப் படுதா. அடியில் சோற்றுச்சட்டி, அது மத்தியானத்துக்குத்தான். கடைக்கு வருகிறவர்கள் வாங்கிய சாமானை அவரிடமே நீட்டி, "அண்ணாச்சி, நீங்களே கட்டிக் குடுத்துருங்க" என்பார்கள். அவர் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், கல்யாணத்தன்று கூட அப்படி இருந்ததில்லை.

என் ஒரு வருஷத்தையும் அவர் அதே முறையில்தான் கட்டினார். மதுரையில் ஐம்பது லிட்டர் பை ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். போனில் மாதாமாதம் எந்த ஊரில் என்ன குளிர், என்ன மழை என்று பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினார். மேகாலயா மேலே, லடாக் அதற்குக் கீழே, ராஜஸ்தான் நடுவில், கடற்கரை அடியில். பிப்ரவரியில் நானே அள்ளித் திணித்துக்கொண்டு போன பையைப் பற்றி, "அது பையா? வெளுக்கப் போட்ட மூட்ட" என்றார். திரும்பி வந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் சண்டை போட்டோம். எல்லாச் சண்டையும் சாமான்களைப் பற்றித்தான். லடாக்குக்கு என்று ஒரு பொட்டலம் உப்பும் ஒரு டப்பி மூக்குப்பொடியும் வைத்தார்.

"இது எதுக்கு?"

"அட்டைக்கு. கால்ல ஏறுனா வைக்கணும்ல."

"அங்கன ஏதுங்க அட்டை? ஒரு பொட்டு ஈரம் கிடையாது. மலை பூரா காஞ்சு கெடக்கு, போட்டோவுல பாத்தீகள்ல?"

"மேலன்னா அட்டை இருக்கும்," என்றார். அவருக்குக் குளிர் என்றால் ஈரம். குளிரும் சாரலும் அட்டையும் சேர்ந்துதான் வரும், தனித்தனியாக வராது. நான் எடுத்து வெளியே வைத்தால் மறுநாள் காலையில் பொட்டலம் பைக்குள் இருக்கும்.

ஏப்ரலில் பையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். பதினொரு கிலோ பையை முதுகில் ஏற்றி, என்னைத் தோட்ட ஜீப்பில் உட்கார வைத்து மேலே அனுப்பினார். ஜீப்பில் இருந்த பெண்கள் என்னையும் பையையும் பார்த்துச் சிரித்து மாளவில்லை. எட்டாவது வளைவில் பைக்குள் கையை விட்டேன், ஸ்வெட்டர் சரியாகக் கையில் வந்தது. போடிமெட்டில் இறங்கியதும் சாரல். தேடாமல் மழைக்கோட்டு வந்தது. அங்கேயே இரண்டு மைல் மேலும் கீழும் நடந்தேன். தோள் வலிக்கவில்லை. நாலு மணிக்குக் கீழே வந்து சேர்ந்தபோது கடை வாசலில் காத்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்," என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளம்புகிற நாள் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்கால ரயிலில் மதுரை, அங்கிருந்து வடக்கே. காற்று மாதம் தொடங்கிவிட்டது. கடை வாசலில் தொங்கவிட்டிருந்த தார்ப்பாய்கள் காலையிலிருந்து பட்பட் என்று அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் என் மண்டைக்குள் அடிப்பதுபோல இருந்தது. ஆறு தடவை தண்ணீர் குடித்தேன். மாடிக்குப் போய்ப் போய் வந்தேன். பக்கத்துக் கடை சண்முகராஜ் எட்டிப் பார்த்து, "என்ன மதினி, இந்த வாட்டி மதுரை வரைக்குமாச்சும் போவீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் இன்னும் அந்த இடத்திலேயே நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். பையோ கல்லாப்பெட்டி மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

நாலு மணி தாண்டி ஜக்கம்மா வந்தாள். பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பழம் எடுக்கிறவள். பத்து வருஷமாக எங்கள் கடையில்தான் கம்பூட்ஸ் வாங்குகிறாள், என் வயதுதான் இருக்கும். அன்றைக்கு மேலே காற்று பலம், மரம் விழும் என்று ஜீப் எடுக்கவில்லையாம். பையைப் பார்த்ததும் கம்பூட்ஸை மறந்துவிட்டாள்.

"இதுதான் அந்தப் பையா? ஜீப்புல பூரா இதே பேச்சுத்தான்."

பொன்னுராஜுக்கு வேறென்ன வேண்டும்? பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லா மேல் பரப்பினார். மழைக்கோட்டு, மழைக்கால்சட்டை, பைக்கு ஒரு உறை. உள்ளே போடுகிற கம்பளி உடுப்பு இரண்டு ஜோடி, ஸ்வெட்டர், பஞ்சு வைத்த கோட்டு, கையுறை, மூன்று ஜோடி தடித்த காலுறை. வெயிலுக்கு மெல்லிய முழுக்கைச் சட்டை, கழுத்து மறைக்கிற தொப்பி, கூலிங்கிளாஸ். கடற்கரைக்கு ரப்பர் செருப்பு. தண்ணீர்ப் பாட்டில், சோற்று டப்பா, மருந்துப் பை, உப்பு, மூக்குப்பொடி. ஜக்கம்மா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். கம்பளி உடுப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மேலத் தணுப்புக்கு இது தோதா இருக்கும். எல்லாம் நல்லாருக்கு அண்ணாச்சி. ராத்திரிக்கு எங்க?"

"ராத்திரிக்குன்னா?"

"படுக்கைக்கு. ஒரு போர்வை, ஒரு நைட்டி, விரிச்சுக்க ஒரு துணி. ஒண்ணையும் காணமே. வேற பையில இருக்கோ?"

வேறு பை கிடையாது. அவர் கல்லாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நடப்பதற்கு இருந்தது, நனைவதற்கு இருந்தது, வெயிலுக்கு இருந்தது, மத்தியானச் சோற்றுக்கு டப்பா இருந்தது. படுப்பதற்கு ஒரு முழத் துணி இல்லை.

ஜக்கம்மா தப்பாக ஏதோ சொல்லிவிட்டோமோ என்று பதறிப்போனாள். பதறினால் அவளுக்குப் பேச்சு அதிகமாகும்.

"எனக்கு எப்படித் தெரியும்னா யக்கா, மூணு வருசத்துக்கு முந்தி ரோட்டுல மண்ணு சரிஞ்சு ஜீப்பு கீழ எறங்க முடியலைல்ல, அப்ப நாலு ராத்திரி மேல மாட்டிக்கிட்டோம். ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்லதான் படுத்தோம். தணுப்பு தெரியல, உள்ள கதகதன்னுதான் இருந்துச்சு. சோறும் ஓனரம்மா குடுத்துச்சு. பகலு பாட்டுக்குப் போச்சு. ராத்திரிதான் யக்கா ஆகல. சேலையோட படுத்தா படுத்த மாதிரியே இல்ல. இந்தக் கைய எங்கன வைக்கன்னு தெரியல. மக மேல போட்டே தூங்கிப் பழகிருச்சா, கை பாட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் தேடுது. அதான் கேட்டேன்."

எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

"அதுக்குத்தான் இப்படிக் கட்டுனீகளா?" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். "நான் சாயங்காலம் வந்துருவேன்னு கட்டுனீகளா? ஊரு சிரிக்கிறது பத்தாதுன்னு நீங்களும் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டே மடிச்சு மடிச்சு வச்சீகளா? இதுக்கு மூணு மாசமா?"

ஜக்கம்மா, "நான் நாளைக்கி வாரேன் யக்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கினாள்.

பொன்னுராஜ் கல்லா மேல் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு என்னால் கத்த முடியவில்லை. கணக்குப் பரீட்சையில் ஒரு பக்கத்தையே எழுதாமல் விட்டுவிட்டு வந்த பையன் முகம் அது.

"இல்ல ஷீலா," என்றார். "நான் ராத்திரிக்குக் கட்டுனதே இல்ல. இத்தன வருசத்துல ஒருத்தருக்குக்கூட. இங்கன யாரு ராத்திரிக்குக் கேட்டா? எல்லாரும் எறங்கி வந்துருவாகல்ல. எனக்கு அது தோணவே இல்ல, சத்தியமா."

உண்மைதான். அவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் வியாபாரத்தில் எங்கேயோ போயிருப்பார். அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அவருக்குத் தோன்றவில்லை, சரி. எனக்கு? அந்தப் பையை ஒன்பது தடவை பிரித்துப் பார்த்தவள் நான். மூக்குப்பொடி டப்பிக்கு மூன்று மாதம் சண்டை போட்டவள் நான். முதுகில் சுமந்துகொண்டு மலையேறி, நாலு மணிக்கு இறங்கி வந்து பாஸ் வாங்கியவளும் நான்தான். ஒரு தடவைகூட, எங்கே படுப்பேன், என்ன போர்த்துவேன் என்று யோசிக்கவில்லை. வரைபடத்தில் ஊர் ஊராகப் போகிற என்னைப் பார்த்திருந்தேன். எந்த ஊரிலும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த என்னைப் பார்த்ததே இல்லை. சிரித்த பஜார் சரியாகத்தான் சிரித்திருக்கிறது. நானே என்னை நம்பியிருக்கவில்லை. பயமாக இருந்தது.

அவர் காலிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார்.

"நம்ம மொறப்படி மொத வாரது மேல இருக்கணும்," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "மொத வாரது மழை இல்ல. ராத்திரிதான். இன்னைக்கே வருது."

மாடிக்கு ஓடினார். அந்த வயதில் அந்தத் தொப்பையோடு அவர் இரண்டு இரண்டு படியாகத் தாவி நான் பார்த்ததில்லை. இறங்கி வந்தபோது கை நிறைய இருந்தது. என் பழைய நைட்டி இரண்டு, ஒரு தலையணை உறை, எங்கள் கட்டிலில் கிடந்த போர்வை. கம்பளி உடுப்பில் ஒரு ஜோடியைக் கழித்தார். பைக்குள் கடற்கரையை முதலில் வைத்தார், மணலை வைத்தார், பனியை வைத்தார், மழையை வைத்தார். உப்பையும் மூக்குப்பொடியையும் எடுத்து மேஜைக்குள் போட்டார், நான் சொல்லாமலே. பிறகு போர்வையை மடிக்க ஆரம்பித்தார். அது பெரிய போர்வை, இரண்டு பேருக்கானது. ஆறு முழப் படுதாவை உள்ளங்கைக்குள் அடக்குகிற மனிதருக்கு அது அடங்க மறுத்தது. நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், மார்போடு சேர்த்து அமுக்கினார். திடீரென்று அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தன ராத்திரி ஷீலா?"

"என்னங்க?"

"ஒரு வருசம்னா எத்தன ராத்திரி?"

இது தெரியாதா இந்த மனிதருக்கு? சுவரில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி ஒட்டியவர் அவர்தானே.

"முந்நூத்தி அறுவத்தஞ்சு," என்றேன்.

கம்பூட்ஸ் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். பெட்டி நசுங்கியது. போர்வை மடியில் கிடந்தது.

"அப்ப எனக்கும் அத்தன ராத்திரிதான?" என்றார்.

நாலு மாதமாக, எட்டு மாதமாக, இருபத்தோரு வருஷமாகக்கூட இருக்கலாம், இவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வராதா என்று காத்திருந்திருக்கிறேன். இந்த நேரம் பார்த்து வந்தது. வெளியே தார்ப்பாய் அடித்துக்கொண்டே இருந்தது. ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. நான் போகலைங்க. இரண்டே சொல். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயையும் திறந்துவிட்டேன்.

அவர் சடாரென்று எழுந்து கையை நீட்டினார். என் வாயைப் பொத்துவதுபோல வந்த கை, தொடாமல் நின்றது.

"சொல்லிராத," என்றார். "நீ சொன்னா நான் சரின்னுருவேன் ஷீலா. நல்லதாப் போச்சுன்னுருவேன். அப்பறம் ஆயுசுக்கும் நீ என்னைய மன்னிக்க மாட்ட."

கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

சொன்னால் மன்னித்திருப்பேனா? மாட்டேன். அது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த இரண்டு சொல்லையும் விழுங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பெரிய போர்வையை அவர் பெட்டி மேல் வைத்தார். ஓவியாவின் ஒற்றைப் போர்வையைக் கொண்டு வந்து மடித்துப் பையின் உச்சியில் வைத்து மூடினார். நான் திரும்பி நின்றேன். பையைத் தூக்கி என் முதுகில் ஏற்றினார். முன்னால் வந்து, தோள் வாரை வலப்பக்கம் இழுத்து இறுக்கினார், இடப்பக்கம் இழுத்து இறுக்கினார். இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம்.